ஒரு நாட் பயணம்

சென்ற தவணையின் இறுதி வாரத்தில் ஒருநாள், பத்தாந்தர மாணவர்களுக்கு அகலக்கோடு, நெடுங்கோடு என்பன பற்றிக் கற்பித்துக்கொண்டிருந்தேன். பாடம் முடியுந் தறுவாயில், பின்வரிசையில் எந்நாளும் வாய்திறவாது அமர்ந்திருக்கும் மாணவன் ஒருவன் எழுந்து நின்றான்.

"சேர், ரொறன்ரோ இங்கையிருந்து எவ்வளவு தூரம்?" என்று கேட்டான்.

எங்கள் வகுப்பறைகளில் இது புதுமையான வினா அன்று. இலண்டன், பாரிஸ், ரொறன்ரோ, சிட்னி என்னும் பெயர்கள் யாழ்ப்பாணத்துப் பிள்ளைகளுக்குச் சாவகச்சேரி, பருத்தித்துறை என்பன போலக் காதிற் பழகியவை. தந்தையோ, தமையனோ, மாமனோ, சிற்றப்பனோ அவ்வூர்களுள் ஒன்றில் இல்லாத வீடு எங்கள் குறிச்சியில் அரிது. ஆயினும் அந்நகரங்கள் பூமியின் எப்புறத்தே கிடக்கின்றன, அவற்றுக்கும் எமக்கும் இடையே உள்ளவை எவை என்று நின்று நினைப்பவர் சிலரே. ஆகவே அவ்வினா எனக்கு மகிழ்ச்சியளித்தது. புவியியல் கற்பிப்பவனுக்கு இதனிலும் நல்ல வாய்ப்பு வேறு எது?

முதலிற் சுவரிலே தொங்கிய உலகப் படத்தில் கொழும்பையும் ரொறன்ரோவையும் நேர்கோட்டால் இணைக்கச் சொன்னேன். கோடு அரபிக் கடலைக் கடந்து, சகாராப் பாலைவனத்தின் மேற் சென்று, அத்திலாந்திக் சமுத்திரத்தைத் தாண்டிப் போய்ச் சேர்ந்தது. "இதுதான் குறுகிய வழியா?" என்று கேட்டேன். "ஓம் சேர்" என்று வகுப்பு முழுவதும் ஒருமிக்கச் சொல்லிற்று.

பின்பு மேசைமேல் இருந்த பூகோள உருண்டையை எடுத்து, அவ்விரு நகரங்களுக்கும் இடையே ஒரு நூலை இழுத்துப் பிடித்தேன். நூல் சகாராவின் பக்கமே போகவில்லை. இந்தியாவின் மேலாக வடமேற்கே ஏறி, ஆப்கானிஸ்தானையும் ஆரல் கடற் பக்கத்தையும் கடந்து, இரஷ்யாவுக்குக் குறுக்கே சென்று, நோர்வேயின் வடமுனையைத் தொட்டு, கிறீன்லாந்தின் பனிப்பரப்பின் மேலாகக் கனடாவில் இறங்கியது. பிள்ளைகள் வியப்புடன் எழுந்து மேசையைச் சூழ்ந்துகொண்டனர். உருண்டையான பூமியைத் தட்டையான கடதாசியில் விரித்தால் எங்கேனும் இழுபட்டே தீரும் என்பதை அப்போது விளக்கினேன். 1569 ஆம் ஆண்டில் மெர்க்கேற்றர் வரைந்த முறையிலமைந்த படங்களில் கிறீன்லாந்து ஏறக்குறைய ஆபிரிக்காவின் பருமனாகத் தோன்றும். உண்மையில் ஆபிரிக்கா அதனிலும் 14 மடங்கு பெரியது. மாலுமிகளுக்குத் திசை காட்டுவதற்காக வரைந்த படத்திலே தூரத்தைத் தேடினால் ஏமாற்றமே மிஞ்சும்.

நூலை அளந்து பார்த்தோம். 33 சென்ரிமீற்றர். எங்கள் உருண்டையின் குறுக்களவு 30 சென்ரிமீற்றர். அதன் சுற்றளவு ஏறத்தாழ 94. பூமியின் சுற்றளவோ 40,000 கிலோமீற்றர். கணக்கைப் பிள்ளைகளே செய்தார்கள். கொழும்புக்கும் ரொறன்ரோவுக்கும் இடையே ஏறத்தாழ 14,000 கிலோமீற்றர். பூமியில் எந்த ஓர் இடத்திலிருந்தும் மிகத் தொலைவான இடம் என்பது 20,000 கிலோமீற்றருக்கு அப்பால் இருத்தல் இயலாது. ஆகவே நாம் செல்லக்கூடிய மிகப் பெரிய தூரத்தில் பத்தில் ஏழு பங்கு அது.

இன்னோர் ஒற்றுமையையும் அவர்கள் கண்டுகொண்டனர். எமது யாழ்ப்பாணமும் கொழும்பும் கிழக்கு நெடுங்கோடு 80 பாகையை ஒட்டிக் கிடக்க, ரொறன்ரோ மேற்கு நெடுங்கோடு 80 பாகைக்கு அருகே கிடக்கின்றது. இடையே ஏறத்தாழ 160 பாகை. பூமி ஒரு மணி நேரத்தில் 15 பாகை சுழல்வதால், பத்தரை மணி நேரத்துக்குச் சற்று மேலான வேறுபாடு. இங்கே காலையில் நாம் தேநீர் அருந்தும்போது அங்கே முதல்நாள் இரவு படுக்கைக்குப் போகின்றார்கள்.

இனி, பறக்கும் நேரம். இக்காலத்துப் பெரிய விமானங்கள் மணிக்கு ஏறத்தாழ 900 கிலோமீற்றர் வேகத்திற் செல்வன. சிங்கப்பூரிலிருந்து நியூயோர்க்குக்கு 15,300 கிலோமீற்றருக்கு மேற்பட்ட தூரத்தை எங்கும் தரியாது பறக்கும் சேவையே உண்டு. ஆயினும் எம்மவர் பெரும்பாலும் டுபாய் போன்ற இடைநகர் ஒன்றில் இறங்கி மாறியே செல்வர். கொழும்பிலிருந்து டுபாய்க்கு ஏறத்தாழ 3,290 கிலோமீற்றர். அங்கிருந்து ரொறன்ரோவுக்கு 11,080. கூட்டினால் 14,370. நேர்வழியிலும் 370 கிலோமீற்றரே கூடுதல். யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்புக்குப் போகும் தூரம்கூட அது இல்லை!

போவதற்கும் வருவதற்கும் நேரம் ஒன்றாக இராது என்பதையும் சொன்னேன். டுபாயிலிருந்து ரொறன்ரோவுக்குச் செல்ல 14 மணி நேரம் வரை ஆகும். அங்கிருந்து திரும்பிவர 13 மணி நேரம் போதும். "பூமி சுத்துறதாலையோ சேர்?" என்று ஒருவன் கேட்டான். பலரும் அவ்வாறே எண்ணுவர். பூமியுடன் காற்றுமண்டலமும் சேர்ந்தே சுழல்வதால் அது நேர்க் காரணமன்று. ஏறத்தாழ 10 கிலோமீற்றர் உயரத்திலே மேற்கிலிருந்து கிழக்காக விரைந்தோடும் காற்றாறுகள் உண்டு. 1920களில் ஜப்பானிய வானிலை அறிஞர் ஓயிஷி பலூன்களைப் பறக்கவிட்டு இக்காற்றைக் கண்டறிந்து, எஸ்பெராண்டோ மொழியில் அறிக்கை வெளியிட்டார். அதைப் படித்தவர் மிகச் சிலரே. இரண்டாம் உலகப் போரில் உயரப் பறந்த விமானிகள் எதிர்காற்றில் அகப்பட்டுத் திணறிய பின்னரே உலகம் அதனை நன்கு உணர்ந்தது. கிழக்கே வரும் விமானத்தை அக்காற்று பின்னின்று தள்ளுகின்றது. "ஆகவே, பிள்ளைகளே, கனடாவுக்குப் போவதிலும் அங்கிருந்து ஊருக்கு வருவது விரைவானது" என்று முடித்தேன். பாடம் நன்றாக அமைந்துவிட்டது என்னும் நிறைவு என் முகத்தில் இருந்திருக்க வேண்டும்.

வினாவைத் தொடங்கிய மாணவன் இன்னும் நின்றுகொண்டிருந்தான்.

"எல்லாமாச் சேர்த்து ஒரு நாள்தானே சேர்? அப்ப ஏன் எங்கடை அப்பா ஏழு வருஷமா வரேல்லை?"

வகுப்பு அடங்கிப் போயிற்று. நல்லவேளையாக மணி அடித்தது. நான் புத்தகங்களை அடுக்கிக்கொண்டு வெளியேறினேன். அவனுக்குச் சொல்ல வேண்டிய விடை எனக்குத் தெரியாததன்று. அது என் வீட்டிலேயே இருந்தது. அதனைச் சொல்லும் துணிவு அந்நேரத்தில் எனக்கு இல்லை.

என் தாயாரின் தந்தையார் மலாயாவிலே புகையிரதப் பகுதியில் எழுதுவினைஞராக இருந்தவர். 1926 ஆம் ஆண்டில் கொழும்பிற் கப்பலேறினார் என்பர். பினாங்கு போய்ச் சேர ஐந்தாறு நாட்கள். அதற்கு முன் கொழும்புக்குப் போவதே ஒரு பயணம். நாலாண்டுக்கு ஒரு முறை நீண்ட விடுமுறையில் வருவாராம். வருவதற்குப் பல மாதம் முன்னரே, இன்ன மாதம் இன்ன கப்பலில் வருகின்றேன் என்று கடிதம் வந்துவிடும். அக்கடிதம் வந்த நாளிலிருந்து வீட்டுக்கு வெள்ளையடிப்பதும், வேலி அடைப்பதும், நெல் அவித்துக் குத்துவதுமாக ஊரே அறிந்துவிடும் என்று அம்மா சொல்வார். சிறுமியாக இருந்தபோது அந்த ஆயத்தங்களைக் கண்டவர் அவர். வந்து இறங்கிய தந்தையின் முகத்தைவிட, அவர் வரவுக்காக நாள் எண்ணிய மாதங்களே தம் நினைவிற் கூடுதலாக நிற்கின்றன என்பது அவர் வழக்கமாகச் சொல்வது.

அக்காலத்துத் தூரங்கள் பின்னர் எவ்வாறு சுருங்கின என்பதற்கு எமது தீவே ஒரு சாட்சி. 1943 ஆம் ஆண்டு யூலை முதல் 1945 யூலை வரை, காலிக்கு அண்மையிலுள்ள கொக்கல வாவிக்கும் அவுஸ்திரேலியாவின் பேர்த் நகருக்கும் இடையே குவாண்டாஸ் நிறுவனத்தார் கற்றலீனா என்னும் நீர்விமானங்களை ஓட்டினர். ஜப்பானியப் படைகளின் கண்ணிற் படாதவாறு, வானொலியைப் பெரிதும் பயன்படுத்தாது, விண்மீன்களைப் பார்த்தே வழி கண்டனர். ஏறத்தாழ 5,600 கிலோமீற்றரைக் கடக்க 27 முதல் 33 மணி நேரம் வரை சென்றது. எரிபொருளின் பாரத்தால் மூன்று பயணிகளுக்கு மேல் ஏற்ற இயலாது. ஒரே பயணத்தில் இருமுறை சூரியன் உதிப்பதைக் கண்டவர்கள் என்று அப்பயணிகளுக்குச் சான்றிதழும் கொடுத்தார்கள். இன்றைய விமானத்துக்கு அத்தூரம் ஏழு மணி நேர வேலை.

ஆனாற் காலம் செல்லச் செல்லத் தூரம் சுருங்கிக்கொண்டே போகும் என்று நம்பிவிடவும் கூடாது. என் தம்பி ஊரைவிட்டுப் புறப்பட்டது 2007 ஆம் ஆண்டில். அதற்கு முந்திய ஆண்டு ஓகஸ்ட் மாதத்தில் ஏ-9 வீதி மூடப்பட்டுவிட்டது. கொழும்புக்குச் செல்வதாயின் அனுமதி பெற்றுத் திருகோணமலைக்குக் கப்பலிற் போக வேண்டும். இல்லையேல் விமானத்தில் இடம் கிடைக்கும்வரை காத்திருக்க வேண்டும். அனுமதிக்கும் கப்பலுக்குமாகத் தம்பி ஐந்து வாரங்கள் காத்திருந்தான். 400 கிலோமீற்றர் தூரத்துக்கு ஐந்து வாரம்! என் பேரனார் பினாங்குக்கு இருமுறை போய்த் திரும்பியிருப்பார்.

அவன் கனடா போய்ச் சேர்ந்த பின், அப்பாவின் பழைய மேசை மணிக்கூட்டை அம்மா தம் கட்டிலின் அருகே வைத்து, அதனை ரொறன்ரோ நேரத்துக்குத் திருப்பிக்கொண்டார். வீட்டில் அதற்குத் "தம்பியின்ரை மணிக்கூடு" என்று பெயர். பங்குனியிலும் கார்த்திகையிலும் அந்நாட்டார் தம் கடிகாரங்களை ஒரு மணி நேரம் மாற்றுவர் அன்றோ? அதையும் அவனிடம் கேட்டறிந்து தவறாது மாற்றுவார். மாலையில் விளக்கேற்றும்போது அதனைப் பார்த்து, "இப்ப அவன் வேலைக்கு வெளிக்கிடுவான்" என்பார். புவியியற் பட்டதாரியாகிய நான் விரல்விட்டு எண்ணுவதற்குள் அவர் சொல்லிவிடுவார்.

தம்பி வரவில்லை. முதற் சில ஆண்டுகள் அவனால் வர இயலாது. அகதியாக விண்ணப்பித்தவனுக்கு ஊர் திரும்பும் உரிமை ஏது? அதன்பின் வதிவிடக் கடதாசிகள் கிடைத்தன. அப்போது கையிற் பணமில்லை. பணம் சேர்ந்தபோது திருமணம், பின்னர் குழந்தை, பின்னர் வீட்டுக் கடன். 2020 இல் நோய்த்தொற்று வந்து கட்டுநாயக்கா விமான நிலையமே மூடப்பட்டது. 2022 இல் எண்ணெய்க்கும் எரிவாயுவுக்கும் வரிசையில் நின்றோம். "பிள்ளையளோடை இப்ப வந்து கஷ்டப்படாதை" என்று நானே சொன்னேன்.

அதுமட்டுமன்று. ஒவ்வொரு முறையும் அவன், "அம்மா எப்பிடி? நான் வரவேணுமோ?" என்று கேட்கும்போது நான் சொன்ன விடை ஒன்றே. "ஒரு நாள் பயணந்தானே. அவசரமெண்டால் சொல்லுவன், வெளிக்கிடு." கணக்குத் தெரிந்தவன் நான். 17½ மணி நேரம் பறப்பு. இடையே ஆறு மணி நேரம் தங்கல். எட்டு மணி நேரம் வீதி. எந்நேரமும் எட்டிப் பிடிக்கலாம் என்று எனக்குத் தோன்றியது. எந்நேரமும் வரலாம் என்றிருந்தபடியால், எந்த நாளும் வரும் நாளாக அமையவில்லை. பேரனாரின் வழியிலே கடல் இருந்தது; ஆகவே அவர் முன்கூட்டியே நாள் குறித்தார். எங்கள் வழியில் ஒன்றும் இல்லை என்று நினைத்து நாங்கள் நாள் குறிக்கவேயில்லை.

2024 ஆம் ஆண்டு பெப்ரவரியில் அம்மாவின் இதயம் தளர்ந்தது. இனிச் செய்வதற்கு ஒன்றுமில்லை, வீட்டுக்குக் கொண்டுபோய் வைத்துப் பாருங்கள் என்று வைத்தியர் மெல்லச் சொன்னார். அப்போதுதான் தம்பிக்கு, "வெளிக்கிடு" என்றேன். அவன் ரொறன்ரோவிலிருந்து வியாழன் இரவு பத்து மணிக்குப் புறப்பட்டான். இங்கே அப்போது வெள்ளி காலை எட்டரை. எங்கள் வழக்கில் தந்தைக்குத் தலைமகனும் தாய்க்குக் கடைமகனும் கொள்ளி வைப்பர். அவன் கடைமகன். அவன் வரவை எண்ணி வீடு காத்திருந்ததற்கு அதுவும் ஒரு காரணம். வெளிப்படையாக எவரும் சொல்லவில்லை.

வெள்ளிக்கிழமை முழுவதும் அம்மா அந்த மணிக்கூட்டைப் பார்த்தவாறு கிடந்தார். "எங்கை வாறான்?" என்று கேட்பார். நான் கணக்குப் பார்த்துச் சொல்வேன். மாலை நான்கு மணிக்கு, "ஐரோப்பாவுக்கு மேலை வாறான் அம்மா" என்றேன். இரவு பத்து மணிக்கு, "டுபாயிலை இறங்கியிருப்பான்" என்றேன். நள்ளிரவுக்குப் பின் நினைவு தடுமாறத் தொடங்கியது.

"கப்பல் கொழும்புக்கு வந்திட்டுதோ?" என்று கேட்டார்.

பினாங்கிலிருந்து வரும் கப்பலைக் கேட்கிறார் என்று உணரச் சற்று நேரம் சென்றது. "கிட்ட வந்திட்டுதம்மா" என்றேன். அதன்பின் அவர் பேசவில்லை. சனி அதிகாலை ஐந்தரை மணிக்கு உயிர் பிரிந்தது. தம்பியின் விமானம் அவ்வேளை அரபிக் கடலின் மேல் வந்துகொண்டிருந்தது.

எட்டரை மணிக்குக் கட்டுநாயக்காவில் இறங்கியதும் தொலைபேசியில் அழைத்தான். "அண்ணை, இறங்கீட்டன். அம்மா எப்பிடி இருக்கிறா? கதைக்கிறாவோ?"

என் ஆயுளில் நான் சொல்ல நேர்ந்த விடைகளுள் அதுவே கடினமானது. எட்டு மணி நேரம் தனியாக வானில் வரப்போகிறவனிடம் என்ன சொல்வது? "வா தம்பி. வழியிலை ஏதும் சாப்பிட்டிட்டு வா" என்று மட்டும் சொன்னேன். அதன்பின் அவன் அழைத்தபோதெல்லாம் நான் எடுக்கவில்லை. 14,370 கிலோமீற்றரை 17½ மணி நேரத்திற் கடந்து வந்தவனுக்கு, எஞ்சிய 400 கிலோமீற்றருக்கு எட்டு மணி நேரம் சென்றது. ஆனையிறவைக் கடக்கும்போதே தனக்குத் தெரிந்துவிட்டது என்று பின்னர் சொன்னான். ஒழுங்கை முகப்பில் வெள்ளைத் துணியையும் பந்தலையும் கண்டபோது அவன் அழவில்லை. வானிலிருந்து இறங்கி, செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, உள்ளே வந்தான். மணிக்கூடு தலைமாட்டில் ஓடிக்கொண்டிருந்தது. அதில் அப்போது காலை ஆறரை. "விடிஞ்சிட்டுது" என்று அதனைப் பார்த்துச் சொன்னான். அதன்பின்னரே அழுதான்.

மறுநாள் அவனே கொள்ளி வைத்தான். கீரிமலையில் அந்தியேட்டி முடியும் வரை நின்றான். அந்நாட்களில் ஒருநாளும் அவன் என்னைக் குறைகூறவில்லை. குறைகூறியிருந்தாற் சற்று இலகுவாக இருந்திருக்கும். ஒரு மாலையில் நானே சொன்னேன்: "ஒரு நாள் பயணம், ஒரு நாள் பயணம் எண்டு நான்தான் உன்னை மறிச்சுப்போட்டன்." அவன் சற்று நேரம் பேசாதிருந்து, "நானும் அதைக் கேக்கத்தான் ஒவ்வொருமுறையும் எடுத்தனான், அண்ணை" என்றான்.

17½ மணி நேரப் பறப்புக்கு நாங்கள் இருவருமாகச் சேர்ந்து 17 ஆண்டு எடுத்துக்கொண்டோம். இதிற் காலத்தின் கொடுமை பாதி. கடதாசியும் போரும் நோயும் செய்தவற்றுக்கு நாம் பொறுப்பாளிகள் அல்லர். மற்றப் பாதி எங்களுடையது. அப்பாதிக்காகத்தான் இதனை எழுதுகின்றேன்.

புறப்படும்போது அம்மாவின் மணிக்கூட்டைத் தான் கொண்டுபோகட்டுமா என்று கேட்டான். கொடுத்தேன். அதனைக் கையில் வைத்துக்கொண்டு எமது நேரத்துக்குத் திருப்பினான். இப்போது ரொறன்ரோவில் அவன் படுக்கையருகே அது யாழ்ப்பாண நேரம் காட்டிக்கொண்டிருக்கின்றது. 2025 மார்கழியில் மனைவி மக்களோடு வருவேன் என்று அன்றே விறாந்தையில் நின்று நாட்காட்டியில் மாதத்தைக் குறித்துவிட்டுத்தான் வானில் ஏறினான். சொன்னபடியே வந்தான். அவன் பிள்ளைகள் கிணற்றடியில் குளித்துக் கும்மாளமிட்டார்கள். அம்மாவின் கட்டில் கிடந்த இடத்தில் அவர்கள் பாய் விரித்துப் படுத்தார்கள்.

பாடம் நடந்த மறுநாள் அந்த மாணவனை விறாந்தைக்கு அழைத்தேன். மேலே எழுதியவற்றுட் சிலவற்றை அவனுக்கு விளங்கும் அளவிற் சொன்னேன். "நூலால் அளந்தது பூமியின் தூரம். உன் அப்பா கடக்கவேண்டியது வேறும் இருக்கும். கடதாசி இருக்கும், கடன் இருக்கும், உனக்குச் சொல்லாத கஷ்டமும் இருக்கும். ஆகவே ஏன் வரவில்லை என்று அவரைக் கேளாதே. எந்த மாதம் வருவீர்கள் என்று கேள். ஒரு மாதத்தைச் சொல்ல வைத்துவிடு. நீயும் ஒரு நாட்காட்டியில் அதனை எழுதி வை" என்றேன். தலையாட்டிவிட்டுப் போனான்.

இவ்வூரில் இருப்போருக்கும் எனக்கும் சேர்த்தே ஒன்று சொல்லிக்கொள்கின்றேன். அங்கிருந்து, "நான் வரவேணுமோ?" என்று ஒருவர் கேட்டால், இங்குள்ளவர் சுகமாயிருக்கும்போதே, "ஓம், வா" என்று சொல்லிவிடுவது நல்லது. சுகமாயிருப்பவரைக் காணத்தான் பயணம் வேண்டும்.

இந்தத் தவணை தொடங்கிய முதல்நாள், இடைவேளையில் அந்த மாணவன் என்னைத் தேடி வந்தான். வழக்கம்போலத் தயங்கி நின்றான்.

"சேர், கேட்டனான். நல்லூர்க் கொடியேத்தத்துக்கு வாறனெண்டு சொன்னவர்."

வருவாரா என்று எவரும் உறுதி கூற இயலாது. ஆனாலும் நாள் ஒன்று குறித்தாகிவிட்டது. "நாட்காட்டியில் எழுதினாயா?" என்று கேட்டேன்.

"அம்மா எழுதிப்போட்டா, சேர்" என்றான்.